கோணமும் மில்லிமீட்டரும்: கிண்ணக்குழி முறிவுச் சிகிச்சையில் படிம அளவீடுகளின் இடம்

தொடையெலும்பின் உருண்டைத் தலையைத் தன்னுள் தாங்கி நிற்கும் இடுப்பெலும்பின் குழிவை உடற்கூற்று நூல்கள் கிண்ணக்குழி என்று குறிப்பிடுகின்றன. அக்குழி முறியும்போது மருத்துவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, அறுவை சிகிச்சை தேவையா, அல்லது ஊன்றுகோலின் துணையுடன் சில வாரங்கள் காலில் பாரம் ஏற்றாமல் இருப்பதே போதுமா என்பதாகும். இந்த முடிவில் எந்தப் பக்கம் தவறினாலும் விலை பெரிது. தேவையற்ற அறுவை சிகிச்சை, காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பின் காயத்தையும், மிகுந்த இரத்த இழப்பையும், நோய்த்தொற்றையும், தசைகளுக்குள் புதிதாக எலும்பு வளர்ந்து மூட்டை இறுக்கிவிடும் சிக்கலையும் வரவழைக்கக்கூடும். தேவைப்பட்ட அறுவை சிகிச்சையைத் தவிர்த்தாலோ, முப்பது வயதுக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வுக்கு ஆளாகி, செயற்கை மூட்டைப் பொருத்திக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பட்டு 2005இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இம்முறிவு ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறக்குறைய 3 பேருக்கே நேர்கிறது. இவ்வளவு அரிதாக வருவதாலேயே பெரும்பாலான எலும்பு மருத்துவர்களால் தம் சொந்த அனுபவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலுவதில்லை. பிறர் அளந்து வகுத்த எல்லை எண்களைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவீட்டின் தேவையை உணர, மூட்டின் மீது விழும் பாரத்தை முதலில் கருத வேண்டும். மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மீது உடல் எடையின் ஏறத்தாழ 2.4 மடங்கு விசை இறங்குவதாக, உணர்கருவி பதித்த செயற்கை மூட்டுகளைக் கொண்டு பெர்க்மனும் உடன் ஆய்வாளர்களும் அளந்து 2001இல் வெளியிட்டனர். இவ்விசை குழி முழுவதிலும் சமமாகப் பரவாமல், பெருமளவு அதன் மேற்பகுதியாகிய கூரையிலும், உடல் குனிந்து எழும் வேளைகளில் பின்சுவரிலும் இறங்குகிறது. குழியின் அடித்தளம் முறிந்திருந்தாலும் கூரை சிதையாதிருந்தால் மூட்டு நெடுங்காலம் உழைக்கும் என்பதும், கூரை சிதைந்தால் விளைவு மோசமாகும் என்பதும் 1961இல் பாஸ்டனைச் சேர்ந்த ரோ, லோவெல் ஆகிய இருவரும் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்ன முடிவு. முறிவு எவ்வளவு பெரியது என்ற கேள்வி, முறிவு எங்கே இருக்கிறது என்ற கேள்வியாக மாறியது அப்போதுதான். பின்னர் வந்த அளவீடுகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டாவது கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் முயற்சிகளே.

எனினும் அளப்பதற்கு முன் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைக் கற்பித்தவர்கள் பாரிஸைச் சேர்ந்த ஜூடே சகோதரர்களும் எமில் லெதூர்னெலும் ஆவர். அவர்கள் 1964இல் வெளியிட்ட கட்டுரை, கிண்ணக்குழியை முன்தூண், பின்தூண் என்னும் இரண்டு எலும்புத் தூண்கள் தலைகீழ் ஒய் வடிவில் கூடித் தாங்குவதாக விளக்கி, முறிவுகளை ஐந்து எளிய வகைகளாகவும் ஐந்து கூட்டு வகைகளாகவும் பிரித்தது. முன்பக்கத்திலிருந்து எடுக்கும் வழக்கமான எக்ஸ்-ரே படத்துடன், நோயாளியை ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமுமாக 45 பாகை சாய்த்து எடுக்கும் இரண்டு படங்களையும் அவர்கள் கட்டாயமாக்கினர். காயமுற்ற பக்கம் மேலே உயரும்படி சாய்த்தால் முன்தூணும் பின்சுவரும் தெளிவாகும். காயமுற்ற பக்கம் கீழே அமையும்படி சாய்த்தால் பின்தூணும் முன்சுவரும் தெளிவாகும். இம்மூன்று படங்களிலும் கூரைக்கோடு, முன்விளிம்பு, பின்விளிம்பு, இரு தூண்களையும் காட்டும் நெடுங்கோடுகள், கண்ணீர்த்துளி வடிவக் குறி ஆகியவற்றில் எது அறுந்திருக்கிறது என்று தேடுவதே இன்றும் முதல் பாடமாக இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த பிறகு இக்கோடுகளை மறந்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. எந்த வகை முறிவு என்று தெரியாமல் எடுக்கப்படும் அளவு, பின்னர் விளக்கப்படவிருப்பதுபோல, பொருளற்றதாகிவிடும்.

கூரையின் நிலையை எண்ணாகச் சொன்ன முதல் பெரிய முயற்சி, லெதூர்னெலிடம் பயின்று லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றிய ஜோயல் மேட்டாவினுடையது. அவர் 1986இல் முன்வைத்த அளவு கூரைவில் கோணம் எனப்படும். அதை அளக்கும் முறை எளிது. படத்தில் குழியின் வடிவியல் மையத்தைக் குறித்து, அங்கிருந்து நேர்செங்குத்தாக ஒரு கோடும், முறிவு கூரையை வெட்டும் இடத்துக்கு இன்னொரு கோடும் வரைந்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே கூரைவில் கோணம். நேர்ப்படத்தில் அளப்பது உட்புறக் கோணம். சாய்வுப் படங்கள் இரண்டும் முன்புறக் கோணத்தையும் பின்புறக் கோணத்தையும் தருகின்றன. கோணம் பெரிதாக இருந்தால் முறிவு கூரையின் உச்சியிலிருந்து அந்த அளவுக்கு விலகி ஓடுகிறது என்று பொருள். ஆகவே இங்கே பெரிய எண் நல்ல செய்தி. மூன்று கோணங்களும் 45 பாகையைத் தாண்டி, காலில் இழுவை ஏதும் கொடுக்காத நிலையிலும் தொடையெலும்பின் தலை கூரைக்கு நேராகப் பொருந்தியிருந்தால், அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாம் என்பது அவர் வகுத்த வழிகாட்டி.

இந்த 45 என்னும் எண், நோயாளிகளைப் பின்தொடர்ந்து கண்ட அனுபவத்திலிருந்து எழுந்தது. அது மூன்று திசைகளுக்கும் ஒரே எல்லையாக இருக்க வேண்டியதன் இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. சடலங்களின் இடுப்பெலும்புகளில் வேண்டுமென்றே முறிவுகளை உண்டாக்கிப் பாரமேற்றிப் பார்த்த வ்ரஹாஸ் குழுவினர், மூட்டின் நிலைத்தன்மை குலையும் எல்லை திசைக்குத் திசை வேறுபடுவதை 1999இல் காட்டினர். உட்புறத்தில் 45 பாகையும், முன்புறத்தில் 25 பாகையும், பின்புறத்தில் 70 பாகையும் அவர்கள் கண்ட எல்லைகள். அதாவது முன்புறத்தில் பழைய விதி தேவைக்கு மிஞ்சிய எச்சரிக்கையைக் காட்டியது. பின்புறத்திலோ போதிய எச்சரிக்கை காட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போதும் படியேறும்போதும் தலை பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்பதை நினைத்தால் பின்புறத்துக்கு இவ்வளவு பெரிய எல்லை வேண்டியிருப்பது வியப்பாகாது. சடல ஆய்வில் தசைகளின் இழுப்பு இல்லை என்ற குறை இருந்தாலும், பின்புறக் கோணம் 50 பாகையாக உள்ள ஒருவரைப் பழைய விதியை மட்டும் நம்பிப் பாதுகாப்பானவர் என்று அறிவிப்பது சரியாகாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சாய்வுப் படங்கள் எடுக்கும்போது நோயாளி படும் வலியும், சாய்வு 45 பாகைக்குச் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கோணம் மாறிவிடும் சிக்கலும், சி.டி. ஸ்கேனை நோக்கி மருத்துவத்தைத் திருப்பின. 1993இல் ஆல்சனும் மேட்டாவும் புதிய அளவு ஒன்றை முன்வைத்தனர். குறுக்குவெட்டுப் படங்களில், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள கூரை எலும்பின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி முதல் 10 மி.மீ. வரை முறிவு எதுவும் தென்படாவிட்டால், அது மூன்று படங்களிலும் 45 பாகைக் கோணம் இருப்பதற்கு ஈடானது என்பது அவர்கள் கருத்து. நோயாளியைச் சாய்க்க வேண்டாம், கோணமானியும் வேண்டாம் என்பதால் இவ்விதி விரைவில் பரவியது.

ஆனால் இவ்விரு விதிகளும் ஒன்றுதானா என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கூரையை ஒரு கோளத்தின் பகுதியாகக் கொண்டால், உச்சியிலிருந்து குறிப்பிட்ட கோணத்தில் அமைந்த புள்ளி, உச்சியைவிட எவ்வளவு கீழே உள்ளது என்பது கோளத்தின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் 25 மி.மீ. எனில் 45 பாகைப் புள்ளி உச்சியிலிருந்து 7.3 மி.மீ. கீழே அமையும், ஆரம் 22 மி.மீ. எனில் 6.4 மி.மீ., 28 மி.மீ. எனில் 8.2 மி.மீ. என்று அது மாறும். மறுதலையாக, 10 மி.மீ. என்னும் எல்லை 25 மி.மீ. ஆரமுள்ள மூட்டில் 53 பாகைக்கும், 22 மி.மீ. ஆரமுள்ள சிறிய மூட்டில் 57 பாகைக்கும் ஈடாகிறது. உண்மைக் கூரை சரியான கோளமன்று, முறிவும் நேர்கோட்டில் ஓடுவதில்லை என்றாலும், இக்கணக்கு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, 10 மி.மீ. விதி கோண விதியைவிடச் சற்றுக் கண்டிப்பானது. ஆகவே அது பாதுகாப்பின் பக்கமே சாய்கிறது. இரண்டாவது, கோணம் உடலின் அளவோடு சேர்ந்து தானே சரிசெய்துகொள்ளும், மில்லிமீட்டர் அவ்வாறு செய்யாது. சிறிய உடல்வாகு கொண்ட ஒருவருக்கும் ஆறடி உயரமுள்ள ஒருவருக்கும் ஒரே 10 மி.மீ. ஒரே பொருளைத் தருவதில்லை. இதற்கு மேல், சாதாரண எக்ஸ்-ரே படத்தில் உறுப்பு தன் உண்மை அளவைவிடப் பெரிதாகவே விழும் என்பதால், அங்கே எடுக்கப்படும் மில்லிமீட்டர் அளவுகளை அப்படியே ஏற்க முடியாது. கோணத்துக்கு அந்தக் குறை இல்லை. பழைய கோண முறையை இன்னும் பல நிபுணர்கள் கைவிடாததற்கு இதுவும் தக்க காரணமாகிறது. சி.டி. தரவுகளிலிருந்தே கணினி வழியாக மூன்று எக்ஸ்-ரே தோற்றங்களையும் உருவாக்கிக்கொள்ளும் வசதி இன்று உள்ளதால், நோயாளியை அசைக்காமலேயே கோணத்தையும் அளந்துகொள்ளலாம்.

கூரைவில் கோணம் எல்லா முறிவுகளுக்கும் உரியதன்று என்பது அதை உருவாக்கியவராலேயே வலியுறுத்தப்பட்டது. எனினும் நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படுகிறது. இரு தூண்களும் முறிந்து, மூட்டுப் பரப்பின் எந்தத் துண்டும் முதுகெலும்போடு இணைந்த இடுப்பெலும்புப் பகுதியுடன் தொடர்பில்லாமல் போகும் வகையில், இக்கோணத்துக்குப் பொருளே இல்லை, ஏனெனில் எந்த அசையாக் கூரையை அடிப்படையாகக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு விடை கிடையாது. இவ்வகையில் வேறொரு நிலை தோன்றுவதுண்டு. துண்டுகள் அனைத்தும் உள்நோக்கி நகர்ந்தாலும், விளிம்புக் குருத்தின் பிடியால் தலையைச் சுற்றியே ஒழுங்காகக் கூடி நின்று, இடம் மாறிய ஒரு புதிய குழியை அமைத்துவிடுகின்றன. இரண்டாம்நிலைப் பொருத்தம் என்று லெதூர்னெல் அழைத்த இந்நிலையில், தனித்தனித் துண்டுகளின் நகர்வை மில்லிமீட்டரில் அளந்தால் அச்சமூட்டும் எண்கள் கிடைக்கும். ஆயினும் தலையும் குழியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதால், குறிப்பாக முதியோரில், அறுவை சிகிச்சையின்றியே ஏற்கத்தக்க பயன் கிடைப்பதுண்டு. முறிவின் வகை தெரியாமல் எண் பேசக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கோணம் பொருந்தாத மற்றொரு வகை பின்சுவர் முறிவு. எல்லா வகைகளிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே என்பதாலும், அளவீட்டின் வலிமையும் வரம்பும் ஒருங்கே வெளிப்படுவது இங்கேதான் என்பதாலும் இதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும். காரின் முன்பலகையில் முழங்கால் மோதும்போது, மடங்கிய தொடையெலும்பு பின்னோக்கிச் செலுத்தப்பட்டு, பின்சுவரை உடைத்துக்கொண்டு தலை குழியிலிருந்து வெளியேறுகிறது. தலையை மீண்டும் உள்ளே அமர்த்திய பின் எழும் கேள்வி, எஞ்சிய சுவர் தலையை மறுபடியும் நழுவவிடாமல் தடுக்குமா என்பதே. 1988இல் கீத் குழுவினர், தலையின் நடுவிலுள்ள சிறு பள்ளத்தின் மட்டத்தில் எடுக்கப்படும் குறுக்குவெட்டுப் படத்தில், உடைந்த சுவரின் ஆழத்தை மறுபக்கத்தின் நலமான குழியுடன் ஒப்பிட்டு விழுக்காடாக்கினர். 20 விழுக்காட்டுக்குக் குறைவாக உடைந்தவை நிலையாக இருந்தன. 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை நழுவின. இடைப்பட்டவை இரு விதமாகவும் நடந்தன. அடுத்த ஆண்டு வைலாஸ் குழுவினர் சடலங்களில் செய்த சோதனையில் அவ்வெல்லைகள் 25, 50 என்று அமைந்தன. 2009இல் பெர்ட்டன் மோட் குழுவினர், குறிப்பிட்ட ஒரே மட்டத்தில் அளப்பதற்கு மாறாக, சுவரின் குறை எந்த மட்டத்தில் மிகுதியோ அங்கே அளக்க வேண்டும் என்று திருத்தம் செய்தனர். நடுப்பள்ளத்துக்கு மேலே, கூரையை ஒட்டி ஏறிச் செல்லும் முறிவுகளைப் பழைய முறை குறைத்து மதிப்பிட்டுவிடும் என்பதால் இத்திருத்தம் நியாயமானதே. அவர்கள் முடிவின்படி 20க்குக் கீழ் நிலையானது, 50க்கு மேல் நிலையற்றது, இடைப்பட்ட அனைத்தும் நேரடிச் சோதனைக்கு உரியவை.

இந்த விழுக்காடு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டால் காணலாம். நலமான பக்கத்தின் ஆழம் 30 மி.மீ., உடைந்த துண்டு 5 மி.மீ. எனக் கொண்டால் விடை சுமார் 17 விழுக்காடு. அறுவை சிகிச்சை வேண்டாம். ஆனால் துண்டின் ஓரத்தைத் திரையில் குறிக்கும்போது 2 மி.மீ. பிசகினால், அதே நோயாளிக்கு விடை 10 முதல் 23 விழுக்காடு வரை எங்கும் விழலாம். எல்லைக் கோட்டின் இருபுறத்தையும் அது தொடுகிறது. உடைந்த விளிம்பு சிதறிக் கிடக்கும் நிலையில் 2 மி.மீ. பிசகு அரிதானதன்று. மேலும், துண்டு எவ்வளவு பெரியது என்பதோடு எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. கூரையின் உச்சிக்கு நெருக்கமாக ஏறும் முறிவுகள், விழுக்காட்டில் சிறியவையாக இருந்தும் நழுவுவதை ஃபிரூசாபாடி குழுவினர் 2015இல் எடுத்துக்காட்டினர். இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய வல்லுநர்களிடமே எக்ஸ்-ரே படங்களையும் சி.டி. படங்களையும் கொடுத்து மூட்டு நிலையானதா என்று கேட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. படத்தை மட்டும் பார்த்து நம்பத்தக்க வகையில் அதைச் சொல்ல வல்லுநர்களாலும் முடியவில்லை.

இதற்கான காரணம் படத்தின் தன்மையிலேயே உள்ளது. சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்போது நோயாளி மல்லாந்து, கால் நீட்டி, அசையாமல் கிடக்கிறார். மூட்டு நழுவுவதோ மடங்கிய நிலையில், பாரம் ஏறும்போது. ஓய்வில் உள்ள எலும்பை அளந்து இயக்கத்தில் உள்ள மூட்டைப் பற்றி முடிவு சொல்வது எப்போதும் ஊகமே. எல்லைகளின் இரு ஓரங்களில் அந்த ஊகம் வலுவானது, நடுவில் அது வலுவிழக்கிறது. ஆகவே நடுப்பகுதியில் உள்ளவர்களுக்கு மயக்க நிலைச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. முழு மயக்கத்தில் தசைகள் தளர்ந்த பின், மருத்துவர் நோயாளியின் இடுப்பைப் படிப்படியாக 90 பாகைக்கு மேல் மடக்கி, தொடையெலும்பின் நீளவாக்கில் பின்னோக்கி அழுத்துகிறார். பிறகு தொடையை உள்நோக்கி 20 பாகை சாய்த்தும் 20 பாகை உட்சுழற்றியும் அதையே மீண்டும் செய்கிறார். சி-ஆர்ம் எனப்படும் நகரும் எக்ஸ்-ரே கருவியின் திரையில் நேர்த்தோற்றத்தையும் சாய்வுத் தோற்றத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கும் குழிக்கும் இடையிலான கோடு சிறிதளவு விரிந்தாலும் மூட்டு நிலையற்றது என்று கொள்ளப்படுகிறது.

கூரைவில் கோணத்துக்கும் இச்சோதனை ஒரு தணிக்கையாக அமைந்தது. 1999இல் டோர்னெட்டா வெளியிட்ட ஆய்வில், எல்லா அளவுகளின்படியும் அறுவை சிகிச்சை வேண்டாதவை என்று கருதப்பட்ட 41 முறிவுகளில் இவ்வாறு அழுத்திப் பார்த்தபோது 3 மூட்டுகள் பகுதியளவு நழுவின. எஞ்சியவை அறுவை சிகிச்சையின்றி விடப்பட்டு, அவற்றில் 91 விழுக்காடு நல்ல பயனையோ மிக நல்ல பயனையோ கண்டன. மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அம்மூவருக்கும் அளவீடு அளித்த உறுதி பொய்யானது என்பதையும், அதை வெளிப்படுத்தியது வேறொரு அளவீடு அன்று, மூட்டையே அசைத்துப் பார்த்த கை என்பதையும் கருதினால், இச்சோதனையைத் தேவையற்ற ஆடம்பரமாக ஒதுக்கும் வழக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.

அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவான பிறகும் அளவீட்டின் பணி ஓய்வதில்லை. எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினால் போதும் என்ற கேள்வி எழுகிறது. மூன்று வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 262 முறிவுகளைக் குறித்து 1996இல் மேட்டா எழுதிய கட்டுரை இதில் அடிப்படை ஆய்வாகக் கொள்ளப்படுகிறது. எஞ்சிய நகர்வு 1 மி.மீ. வரை இருந்தால் முழுமையான பொருத்தம், 2 முதல் 3 மி.மீ. வரை குறையுள்ள பொருத்தம், அதற்கு மேல் மோசமான பொருத்தம் என்று அவர் வகுத்தார். அவர் நோயாளிகளில் 71 விழுக்காட்டினருக்கு முழுமையான பொருத்தம் கிட்டியது. நான்கில் மூன்று பங்கினர் நல்ல அல்லது மிக நல்ல நிலையை அடைந்தனர். பொருத்தத்தின் துல்லியமும் பின்னாளைய நலமும் இணைந்தே சென்றன. 2012இல் தான்னாஸ்ட், நஜீபி, மேட்டா ஆகியோர் 810 நோயாளிகளை ஆராய்ந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் 79 விழுக்காட்டு மூட்டுகள் மாற்று அறுவை சிகிச்சையின்றி நிலைத்திருப்பதாகக் கணித்தபோதும், முழுமையற்ற பொருத்தம் தோல்விக்கான காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் அதே பட்டியலில் நாற்பதைக் கடந்த வயது, தலையின் குருத்தெலும்பில் பட்ட காயம், குழியின் எலும்பு உள்ளழுந்துதல், பின்சுவர் முறிவு, முதலில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் விலகியிருந்த மூட்டுப் பரப்பு ஆகியவையும் இருந்தன. இவற்றுள் பலவற்றை அறுவை மருத்துவரின் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் மாற்ற இயலாது.

மேட்டாவின் மில்லிமீட்டர்கள் சாதாரண எக்ஸ்-ரே படங்களில் அளக்கப்பட்டவை என்பதை இங்கே அழுத்தமாகக் குறிக்க வேண்டும். எக்ஸ்-ரேயில் முழுமையாகப் பொருந்தியதாகத் தோன்றும் பின்சுவர்களில், சி.டி. எடுத்தால் மறைந்திருந்த இடைவெளிகளும் படிகளும் வெளிப்படுவதை மோட் குழுவினர் 2003இல் காட்டினர். ஆகவே எக்ஸ்-ரேயில் பிறந்த 1 மி.மீ. எல்லையைச் சி.டி. படத்தின் மீது அப்படியே பொருத்திவிட முடியாது. பொருத்தினால் நன்கு நடந்த அறுவை சிகிச்சைகள் பலவும் தோல்விகளாக எண்ணப்படும். இச்சிக்கலைத் தீர்க்க, எஞ்சிய நகர்வை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. இரு துண்டுகளின் பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்து நடுவே விலகியிருப்பது இடைவெளி. ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருப்பது படி. 1998இல் ஹாக் குழுவினர் செய்த சடல ஆய்வில், கூரையைக் கடக்கும் குறுக்கு முறிவில் படி அமைந்தால் மூட்டின் மேற்பகுதியில் உச்ச அழுத்தம் பெரிதும் கூடியது; இடைவெளி மட்டும் இருந்தபோது அத்தகைய ஏற்றம் இல்லை. நியூயார்க்கில் அறுவை மருத்துவர் ஹெல்ஃபெட்டின் நோயாளிகளை வைத்து வெர்பீக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சி.டி. படத்தில் படி 1 மி.மீ.க்குக் குறைவாகவும் இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைவாகவும் இருப்பதே போதிய பொருத்தத்தின் எல்லை என்று கண்டது, எக்ஸ்-ரேயைவிடச் சி.டி. அளவே மூட்டின் ஆயுளை நன்கு முன்னுணர்த்தியது என்பதும் அதன் முடிவு. படிக்கும் இடைவெளிக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு காட்டும் இவ்வெல்லைகள், நகர்வு என்ற ஒரே சொல்லால் அறிக்கையில் இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கத்தைக் கைவிடச் சொல்கின்றன.

இருந்தும் இந்த அளவுகளை எடுப்பவரின் கைப்பிசகு குறைந்தபாடில்லை. முறிவு வளைந்து செல்லும் ஒரு பரப்பு. அதை எந்த வெட்டுப் படத்தில், எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளப்பது என்பதில் ஒருவர் தேர்வு மற்றவரின் தேர்வோடு ஒத்துப்போவதில்லை. தடித்த வெட்டுகளாகச் சி.டி. எடுக்கப்பட்டால், வெட்டுக்கு இணையாக ஓடும் குறுக்கு முறிவின் படி முற்றிலும் மறைந்துவிடக்கூடும்; அதை முன்பின் வெட்டாகவும் பக்கவெட்டாகவும் மீளமைத்துப் பார்த்தாலன்றிக் காண இயலாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், ஒரு புள்ளியில் அளப்பதை விட்டு, முறிவுக் கோடு முழுவதிலும் திறந்து கிடக்கும் பரப்பை முப்பரிமாணத்தில் கணினியால் கணக்கிடும் முறையை ஆய்வாளர்கள் உருவாக்கியது இக்குறையைப் போக்கவே. அம்முயற்சி வரவேற்கத்தக்கது, எனினும் கணினி அளப்பதும் எலும்பையே. எலும்பின் மீது படர்ந்திருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்புள்ள குருத்தெலும்பு மோதலின்போது நசுங்கியதா, உயிருடன் இருக்கிறதா என்பதைப் பரப்பளவு எதுவும் சொல்லாது. மிகத் துல்லியமாகப் பொருத்தப்பட்ட மூட்டுகளிலும் ஒரு பகுதி தேய்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

அறிக்கை எழுதும் முறையிலேயே செய்யத்தக்க திருத்தம் ஒன்று உண்டு. பின்சுவர் 30 விழுக்காடு, கூரைவில் 48 பாகை என்று வெறும் எண்ணை எழுதாமல், எந்த முறையில், எந்த மட்டத்தில், எத்தனை மில்லிமீட்டர் வெட்டுகளில், காலில் இழுவை இருந்த நிலையிலா இல்லாத நிலையிலா அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தெழுதினால், வேறொரு மருத்துவமனையில் அதைப் படிக்கும் அறுவை மருத்துவர் அவ்வெண்ணுக்கு எவ்வளவு எடை தரலாம் என்று அறிந்துகொள்வார். குறிப்பாக இழுவை: காலை இழுத்துப் பிடித்திருக்கும்போது பொருந்தியதாகத் தோன்றும் தலை, இழுவையை எடுத்ததும் உட்புறம் சரிந்துவிடலாம். அத்தகைய படத்தில் அளந்த கோணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிகிச்சை முடிவுக்கு உதவாது.

முதியோரின் முறிவு இவ்வெல்லைகள் அனைத்தையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. அமெரிக்காவில் தொகுக்கப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் கிண்ணக்குழி முறிவுகள், ஆய்வுக் காலத்தின் முற்பாதியைவிடப் பிற்பாதியில் 2.4 மடங்காகக் கூடியிருந்தன. நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுவதே இவர்களில் பலருக்குப் போதுமானதாகிறது. எலும்புப்புரையால் மெலிந்த எலும்பில், தலை உள்நோக்கிக் குத்தி, குழியின் உட்சுவராகிய நாற்கரத் தட்டை உடைத்து, கூரையின் உட்பகுதியைப் பிளக்காமல் அழுத்திச் சிதைக்கிறது. அழுந்திய கூரைப் பகுதியும் அழுந்தாத பகுதியும் சேர்ந்து எக்ஸ்-ரேயில் விரித்த சிறகுகள் போன்ற வளைவுகளாகத் தெரிவதைக் கடற்பறவைக் குறி என்று பெயரிட்டு, இக்குறியுள்ள முதியோரில் பிளேட்டும் ஸ்க்ரூவும் கொண்டு செய்யும் பொருத்தம் தோற்றுப்போக வாய்ப்பு மிகுதி என்று ஆங்லென் குழுவினர் 2003இல் எச்சரித்தனர். இது கோணமோ மில்லிமீட்டரோ அன்று, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லத்தக்க ஒரு தோற்றமே. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு முடிவெடுக்கும்போது கூரைவில் கோணத்தைவிட இதற்கே எடை அதிகம்.

இந்நிலையில் கேள்வியே மாறிவிடுகிறது. அழுந்திய எலும்பைத் தூக்கி நிறுத்தினாலும் கீழே தாங்க எலும்பில்லாத இடத்தில் 1 மி.மீ. பொருத்தத்தை எட்டுவது கடினம், எட்டியதைத் தக்கவைப்பது அதனினும் கடினம். எனவே முறிவைப் பொருத்தும்போதே செயற்கை மூட்டையும் வைத்துவிடும் ஒருங்கிணைந்த அறுவை சிகிச்சை, இக்குறியுள்ளவர்களுக்கும் தலையில் காயமுள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அங்கே மூட்டுப் பரப்பின் படியும் இடைவெளியும் முக்கியத்துவம் இழக்கின்றன, ஏனெனில் அப்பரப்பை மூடிக்கொண்டு உலோகக் கிண்ணம் அமரப்போகிறது. மாறாக, அக்கிண்ணத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய முன்தூணும் பின்தூணும் எவ்வளவு விலகியுள்ளன, அவற்றை முதலில் இணைக்காமல் கிண்ணத்தை அழுத்திப் பொருத்தினால் அது அசைந்துவிடுமா, விளிம்பில் அதைப் பற்றிக்கொள்ள எஞ்சிய எலும்பு எவ்வளவு என்பவையே அதே சி.டி. படத்திலிருந்து அளந்து அறிய வேண்டியவை ஆகின்றன.